வகுத்துப் பார்!

சவ்வாது மலை என்றதும் சந்தன மணம் நினைவிற்கு வரும். சாமையும் தேனும் நினைவிற்கு வரும். மலையாளிகள் என்று பெயர் பெற்ற பழங்குடி மக்கள், கல்லைப் புரட்டிக் காட்டைத் திருத்தி, உழுது உண்டு வாழும் மலை அது. அங்கே, ஆலங்காயத்தைக் கடந்து மேலே ஏறினால், காவலூர் என்றோர் சிற்றூர். கடல் மட்டத்திற்கு மேலே 725 மீட்டர் உயரம். நகரத்து விளக்கொளி எட்டிப் பார்க்காத நல்லிருட்டு.

இருட்டு என்றால் பேய் உலவும், பிசாசு உலுக்கும் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வைத்த நாடு இது. அந்த நாட்டிலே இருட்டைத் தேடிச் சென்றார் ஒருவர் — வானியல் அறிஞர் வைணு பாப்பு. இருட்டு அவருக்கு அச்சமூட்டவில்லை. விண்மீன்களைத் தெளிவாய்க் காட்டும் கருவியாகப் பட்டது. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியொன்று காவலூரில் கண் திறந்தது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986-இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருங்கருவி நிலைநாட்டப்பட்டது. அதைக் காண அவர் இல்லை, 1982-லேயே மறைந்துவிட்டார். அவர் பெயரையே அக்கருவி தாங்கி நிற்கிறது.

அந்த மலையிலே, 1988-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள், ஆர். இராஜமோகன் என்ற ஆய்வாளர் ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலே கதிரவனைச் சுற்றிவரும் எண்ணற்ற பாறைகளிலே அதுவும் ஒன்று. அதற்கு இன்று வழங்கும் பெயர்: 4130 இராமானுஜன்.

பெயரைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். ஈரோட்டிலே பிறந்து, குடந்தையிலே வளர்ந்து, உலகக் கணித மேதைகளின் வரிசையிலே ஓரிடம் பெற்ற இராமானுஜனை அறியாதவர் யார்? பெயருக்கு முன்னே நிற்கிறதே ஓர் எண், 4130 — அது ஏன், அது எப்படி வந்தது என்று கேளுங்கள், தோழர்களே! அந்தக் கேள்வியிலே ஒரு பாடம் இருக்கிறது.

கண்டேன் என்று ஒருவர் சொன்னதும் சிறுகோளுக்கு எண் வழங்கிவிடுவதில்லை. கண்டவர் பெரியவரா, கண்ட நாடு வல்லரசா என்று பார்ப்பதுமில்லை. முதலிலே ஒரு தற்காலிகக் குறியீடு மட்டுமே தருவர். பிறகு மீண்டும் பார்க்கவேண்டும். பல இரவுகள் பார்க்கவேண்டும். அதன் பாதையைக் கணக்கிடவேண்டும். இன்ன நாளில் இன்ன இடத்தில் இருக்கும் என்று கணக்கு சொன்னால், அந்த நாளில் அந்த இடத்தில் அது இருக்கவேண்டும். பாதை ஐயத்திற்கு இடமின்றி உறுதியான பிறகே நிலையான எண். எண் பெற்ற பிறகே பெயர். சென்னை நுங்கம்பாக்கத்து விண்ணாய்வுக் கூடத்திலிருந்து 1861-இல் போக்சன் கண்ட சிறுகோள் 67 என்ற எண்ணும் 'ஆசியா' என்ற பெயரும் பெற்றது. காவலூர்ச் சிறுகோள் 4130 என்ற எண் பெற்றது. 4130 என்பது பட்டமன்று, விருதன்று; சோதித்தோம், சரியாக இருந்தது என்று வழங்கப்பட்ட சான்றுச் சீட்டு.

பெயர் பெரிதென்பதால் சோதனையைத் தளர்த்தாத இந்த முறை, இராமானுஜனுக்கு ஏற்ற முறை. ஏனெனில், அவர் வாழ்நாளெல்லாம் உறவாடிய எண்களும் அப்படித்தான் அவரிடம் நடந்துகொண்டன. அவர் தந்த ஒரு விதியை, அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழித்து, ஒரு பெரிய முழு எண் எழுந்து நின்று மறுத்தது! அந்த எண்ணின் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

இராமானுஜனின் வாழ்க்கையை நாடு அறியும்; விரித்துரைக்க வேண்டுவதில்லை. கணக்கு ஒன்றே கருத்தாகி, மற்றப் பாடங்களில் தவறிக் கல்லூரித் தேர்வுகளில் தோற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகத்திலே மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை. 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-இல் கப்பலேறினார். 1918-இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26-இல், 32 வயதிலே, மறைந்தார்.

இந்த வாழ்க்கையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கதையையும் சேர்த்துச் சொல்வார்கள்: நாமக்கல் நாமகிரித் தாயார் கனவிலே தோன்றிக் கணக்குச் சொன்னாள் என்று. இராமானுஜனே அவ்வாறு நம்பினார் என்று அவருடன் பழகியோர் கூறியுள்ளனர். நம்பியிருக்கலாம். அந்த மனிதரின் நம்பிக்கையை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. ஆனால் ஒன்று கேட்போம். ஹார்டிக்கு அவர் எழுதிய முதற் கடிதத்திலே உலகை வியக்கவைத்த உண்மைகள் இருந்தன. பகா எண்களின் எண்ணிக்கை பற்றிய தவறான கூற்றும் இருந்தது. ஒரே கை எழுதியது. ஒரே உள்ளம் நம்பியது. எது சரி, எது பிழை என்று பிரித்துக் காட்டியது எது? கனவா? இல்லை. மெய்ப்பு எங்கே என்று ஹார்டி கேட்டாரே, அந்தக் கேள்வி!

இனி, அந்த எண்ணுக்கு வருவோம்.

கணிதத்திலே 'பிரிவினை' என்றொரு துறை உண்டு. பிரிவினை என்றதும் அரசியல் மேடை நினைவிற்கு வரலாம். இது நாட்டுப் பிரிவினையன்று, எண்ணின் பிரிவினை. ஒரு முழு எண்ணை, முழு எண்களின் கூட்டலாக எத்தனை வகையிலே எழுதலாம் என்பதே கேள்வி. 4 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 — ஐந்து வகை. வரிசையை மாற்றி எழுதுவது புது வகையாகாது. ஆகவே 4-இன் பிரிவினைத் தொகை 5. இதே முறையிலே 5-க்கு 7 வகை. 6-க்கு 11 வகை. நான்கு காசை அண்ணன் தம்பிகள் கூறு போடுவதைப் போன்ற எளிய கேள்வி. பள்ளிச் சிறுவனுக்கும் புரியும்.

ஆனால், எளிமை கண்டு ஏமாறவேண்டாம்! 10-க்கு 42 வகை. 50-க்கு 2,04,226 வகை. 100-க்கோ 19,05,69,292 வகை! கூறு போடும் பொருள் நூறே. கூறு போடும் வகையோ பத்தொன்பது கோடிக்கு மேல். இவற்றை ஒவ்வொன்றாக எழுதி எண்ண முடியாது. ஆயிலர் என்ற பேரறிஞர் 18-ஆம் நூற்றாண்டிலேயே, முந்தைய தொகைகளைக் கொண்டு அடுத்த தொகையைக் காணும் வழியொன்றை வகுத்திருந்தார். அந்த வழியிலே, பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்து கணித அறிஞரான மக்மகான், 1 முதல் 200 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் பிரிவினைத் தொகையைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை தந்தார்.

1918-இல் ஹார்டியும் இராமானுஜனும் ஒரு வாய்பாட்டை வெளியிட்டனர். முந்தைய தொகைகள் எதுவும் தெரியாமலே, வேண்டிய எண்ணின் பிரிவினைத் தொகையை நேரே கணிக்கும் வாய்பாடு. சரியா என்று எப்படி அறிவது? மக்மகானின் அட்டவணையோடு ஒப்பிட்டனர். 200-க்கு அட்டவணை கூறிய தொகை 39,72,99,90,29,388. அதாவது 3,97,299 கோடியே 90,29,388. வாய்பாட்டின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியதும் கிடைத்த விடை அதே எண். பிசகு ஆயிரத்தில் நான்கு பங்கு! மேதையின் உள்ளொளியும் உழைப்பாளியின் பட்டியலும் ஒன்றையொன்று சந்தித்துக் கைகுலுக்கிய இடம் அது. உள்ளொளி மட்டும் இருந்திருந்தால் அது சரியென்று யார் சொல்லியிருப்பார்? பட்டியல் மட்டும் இருந்திருந்தால் வாய்பாடு எங்கிருந்து பிறந்திருக்கும்?

அந்த அட்டவணையை இராமானுஜன் உற்றுநோக்கினார். பிறர் கண்ணுக்கு வெறும் எண் குவியல். அவர் கண்ணுக்கு அதிலே ஓர் ஒழுங்கு தென்பட்டது. 4, 9, 14, 19, 24 என்று ஐந்தைந்தாகத் தாண்டிச் செல்லுங்கள். அவற்றின் பிரிவினைத் தொகைகள் 5, 30, 135, 490, 1575. எல்லாம் 5-ஆல் மீதியின்றி வகுபடும்! 5, 12, 19, 26 என்று ஏழேழாகத் தாண்டுங்கள். தொகைகள் 7, 77, 490, 2436. எல்லாம் 7-ஆல் வகுபடும்! 6, 17, 28 என்று பதினொன்றாகத் தாண்டினால் 11, 297, 3718. எல்லாம் 11-ஆல் வகுபடும்! கூட்டலிலே பிறந்த எண்களிடம் வகுத்தலுக்கு இப்படி ஓர் ஒழுங்கு ஏன் இருக்கவேண்டும்? 1919-இல் வெளியான கட்டுரையிலே, 5, 7 ஆகிய இரண்டுக்கும் இந்த ஒழுங்கு என்றும் பொய்க்காது என்று மெய்ப்பித்தே காட்டினார். 11-க்கான மெய்ப்பு பின்னர் வந்தது.

அத்தோடு நிற்கவில்லை அவர். 5-க்கு அடுத்து 25, 125. 7-க்கு அடுத்து 49, 343. 11-க்கு அடுத்து 121 என்று அடுக்குகளுக்கும் சேர்த்து ஒரு பொதுவிதியை ஊகித்தார். அதை எளிய சொற்களிலே சொல்லலாம். ஓர் எண்ணை 24-ஆல் பெருக்கி, 1 கழியுங்கள். வந்த விடை இவ்வடுக்குகளில் எதனால் மீதியின்றி வகுபடுகிறதோ, அதே அடுக்கினால் அந்த எண்ணின் பிரிவினைத் தொகையும் வகுபடும்.

சோதிப்போம். 24-ஐ 24-ஆல் பெருக்கி 1 கழித்தால் 575. அது 25-ஆல் வகுபடும். 24-இன் பிரிவினைத் தொகை 1575. அதுவும் 25-ஆல் வகுபடும். சரி! 99-ஐ எடுங்கள். பெருக்கிக் கழித்தால் 2375, 125-ஆல் வகுபடும். 99-இன் தொகை 16,92,29,875. 125-ஆல் வகுத்தால் 13,53,839, மீதியில்லை. சரி! 47-ஐ எடுங்கள். பெருக்கிக் கழித்தால் 1127, 49-ஆல் வகுபடும். 47-இன் தொகை 1,24,754. 49-ஆல் வகுத்தால் 2546, மீதியில்லை. மீண்டும் சரி!

எத்தனை அழகான விதி! கண்டவர் மேதை. பார்த்த இடமெல்லாம் பொருந்துகிறது. இனி ஐயம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்த இடத்திலேதான், தோழர்களே, அறிவுலகமும் பஜனை மடமும் பிரிகின்றன. மடத்திலே, மகான் சொன்னார், மறுபேச்சில்லை என்பர். அறிவுலகத்திலே, மேதை சொன்னார், மேலும் பார்ப்போம் என்பர். இராமானுஜனும் இதை மெய்ப்பித்துவிட்டேன் என்று கூறவில்லை. இப்படி இருக்கும் எனத் தோன்றுகிறது என்ற அளவிலே, ஊகமென்றே வைத்தார். அந்த நேர்மைதான் அவரை மேதையாக்கியது.

விதியிலே 343-க்கும் இடமுண்டு. 343-ஐச் சோதிக்க வேண்டுமானால் எந்த எண்ணை எடுக்கவேண்டும்? கணக்கிட்டால் முதலில் வருவது 243. 243-ஐ 24-ஆல் பெருக்கி 1 கழித்தால் 5831; அது சரியாக 343-இன் 17 மடங்கு. ஆனால் மக்மகானின் அட்டவணையோ 200-இல் முடிந்துவிட்டது! நாற்பத்து மூன்று படி தூரத்திலே விதியின் சோதனை காத்திருந்தது. அங்கே செல்லப் பாதையில்லை.

பாதை போட்டவர் பஞ்சாபைச் சேர்ந்த ஹன்ஸ்ராஜ் குப்தா. கணிப்பொறி இல்லாத காலம். எழுதுகோலும் காகிதமும் பொறுமையுமே கருவி. ஒரு தொகையிலே ஓர் இலக்கம் பிழைத்தால் அதன்மேல் எழும் தொகைகளெல்லாம் பிழைக்கும். அத்தகைய வேலையிலே 200-ஐக் கடந்து 300 வரை சென்றார் அவர். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு, 1934-இல், சர்வதமன் சௌலா என்ற மற்றோர் இந்திய அறிஞர் இராமானுஜனின் விதியைச் சோதித்தார். 243-இன் பிரிவினைத் தொகை இதோ:

13,39,78,25,93,44,888.

1,33,97,825 கோடியே 93,44,888! பதினைந்து இலக்கம். காகிதம் எடுங்கள், தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக ஏற்காதீர்கள். நீங்களே வகுத்துப் பாருங்கள். 7-ஆல் வகுத்தால் 1,91,39,75,13,34,984. மீதியில்லை. மீண்டும் 7-ஆல் வகுத்தால் 27,34,25,01,90,712. மீதியில்லை. 49 வரை விதி வென்றுவிட்டது. மூன்றாம் முறை 7-ஆல் வகுத்தால்தான் 343-ஆல் வகுத்ததாகும். வகுங்கள்! 3,90,60,71,70,101 வந்து, மீதி 5 நிற்கிறது.

மீதி ஐந்து! அந்த ஐந்து, ராயல் கழகத்தின் பட்டத்திற்கு அஞ்சவில்லை. நாமகிரித் தாயாரின் பெயருக்குப் பணியவில்லை. நாட்டுப் பற்றுக்காக நகர்ந்துகொள்ளவுமில்லை. கோடி கோடியாய் நீண்ட எண்ணின் கடைசியிலே நின்று, இந்த இடத்தில் விதி பொருந்தாது என்று கூறிவிட்டது.

பிறகு என்ன நடந்தது என்பதே இந்த வரலாற்றின் மணிமுடி. மேதையைப் பழித்துவிட்டான் என்று சௌலாவின் உருவத்தை யாரும் கொளுத்தவில்லை. தமிழனின் புகழைக் குறைக்கச் சதி என்று யாரும் கூட்டம் போடவில்லை. எண் தவறு, விதியே சரி என்று வியாக்கியானம் எழுதவுமில்லை. விதியிலே எங்கே ஓட்டை என்று ஆராய்ந்தனர். 1938-இல் வாட்சன் என்ற ஆங்கில அறிஞர் முடிவு கண்டார்: 5-இன் அடுக்குகள் அனைத்துக்கும் இராமானுஜன் கூறியது முழுதும் உண்மை, 7-இன் அடுக்குகளுக்கு மட்டும் திருத்தம் தேவை. பெருக்கிக் கழித்த விடை 343-ஆல் வகுபட்டால், தொகை 49-ஆல் வகுபடும் என்றுதான் உறுதி கூறமுடியும். தொகை 343-ஆல் வகுபடும் என்று உறுதி கூறுவதற்கு, அந்த விடை 7-இன் நான்காம் அடுக்காகிய 2401-ஆல் வகுபடவேண்டும். 11-இன் அடுக்குகளுக்கு இராமானுஜன் கூறியது முழுதும் சரியே என்று 1967-இல் ஆட்கின் மெய்ப்பித்தார். 2000-ஆம் ஆண்டிலே கென் ஓனோ என்பவர், 5 முதலாக எல்லாப் பகா எண்களுக்கும் இத்தகைய வகுபடும் ஒழுங்குகள் உண்டு என்று நிறுவினார்.

மீதி நின்ற அந்த ஐந்தினால் இராமானுஜன் சிறுத்துப் போனாரா? இல்லை, வளர்ந்தார்! அவர் நட்டது ஒரு கன்று; ஒரு கிளை வெட்டப்பட்டது; மரமோ இன்றும் தழைக்கிறது. சோதனைக்கு உட்பட்டதால்தான் அவர் சொன்னவற்றுள் எவை என்றும் நிற்கும் என்று உலகம் உறுதியாய் அறிந்தது. சோதிக்காமல் பூசித்திருந்தால், அவர் படத்திற்கு மாலை கிடைத்திருக்கும். அவர் கணக்கிற்கு வாழ்வு கிடைத்திராது.

இப்போது மீண்டும் சவ்வாது மலைக்கு வருவோம். 4130 என்ற அந்த எண்ணைக் காரணிகளாகப் பகுத்தால் 2 × 5 × 7 × 59. ஆகா! இராமானுஜனின் விதியிலே வந்த 5 இருக்கிறது, 7-ம் இருக்கிறது! எண் சோதிடர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். விண்ணிலே எழுதி வைத்த விதி என்று விழியை உருட்டுவார். வேண்டுமானால் உங்கள் பெயருக்கும் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்லிக் கட்டணம் கேட்பார். நாம் அதே பழைய சோதனையைச் செய்வோம். 4130-ஐ 24-ஆல் பெருக்கி 1 கழித்தால் 99,119. 5-ஆல் வகுத்தால் மீதி 4. 7-ஆல் வகுத்தால் மீதி 6. 11-ஆல் வகுத்தால் மீதி 9. இராமானுஜன் பெயர் தாங்கிய கோளின் எண்ணைப் பற்றி இராமானுஜனின் விதி வாயே திறப்பதில்லை! 5-ம் 7-ம் அதிலே அமைந்தது தற்செயல்; வரிசையிலே அந்த எண் வந்தது, அவ்வளவே.

தற்செயலைப் பண்பென்று கொள்வது மூடத்தனத்தின் முதற்படி. எட்டாம் எண் ஆகாதென்று வீட்டையும் வண்டியையும் ஒதுக்குகிறவர், நூறு ரூபாய் மொய் குறையென்று நூற்றொன்று வைக்கிறவர், பெயரிலே எழுத்தைக் கூட்டிப் பதவியைத் தேடுகிறவர் — இவர்கள் எண்ணை மதிப்பவர்கள் அல்லர், எண்ணுக்கு அஞ்சுபவர்கள். எட்டினால் கெட்டவர் எத்தனை பேர், வாழ்ந்தவர் எத்தனை பேர் என்று ஒரு நாளாவது அட்டவணை போட்டதுண்டா? மக்மகான் போட்டார் 200 வரை. குப்தா போட்டார் 300 வரை. அட்டவணை போட மனமில்லாதவனுக்கு விதி கூற உரிமையில்லை.

இளைஞர்களே! இராமானுஜன் விழாக்களிலே பேசுங்கள், அவர் பெருமையைப் பாடுங்கள், தடையில்லை. ஆனால், அந்த மேடையிலே 243-இன் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேதையையும் சோதிக்கலாம், சோதித்தால் குற்றமில்லை, சோதனையிலே மீதி நின்றால் திருத்திக்கொண்டு மேலே செல்லலாம் என்று சொல்லுங்கள். எண்ணுக்கே இந்த நீதி என்றால், சாத்திரம் என்றும் சம்பிரதாயம் என்றும் தலைமுறை தலைமுறையாக நம் தலையிலே ஏற்றப்பட்டவற்றிற்கு விலக்கு ஏது? பிறப்பிலே உயர்வு தாழ்வு உண்டு என்று சொல்கிறார்களா? பெண்ணுக்கு அறிவு குறைவு என்று சொல்கிறார்களா? சொன்னவர் யார் என்று பார்த்து நிற்கவேண்டாம். எத்தனை பேர் எத்தனை காலமாய்ச் சொன்னார்கள் என்று மலைக்கவும் வேண்டாம். பார்த்த இடமெல்லாம் பொருந்துகிறதே என்று மயங்கவும் வேண்டாம். 200 வரை பொருந்தி, 243-இலே மறுக்கப்பட்ட விதியை அறிந்தவர்கள் நாம்.

காவலூரின் இருட்டிலே கருவிகள் கண் திறந்து காத்திருப்பது, கண்டதை நம்புவதற்காக மட்டுமன்று, மீண்டும் பார்ப்பதற்காக. நாமும் அவ்வாறே செய்வோம். எந்த விதி நம்முன் வந்தாலும், எந்தப் பெயரைச் சுமந்து வந்தாலும், காகிதத்தை எடு, கணக்கைப் போடு, வகுத்துப் பார்! மீதி நின்றால், அதை மறைக்காதே.